நிற்கத் தெரியாத சிவப்பு

விவாகரத்து ஆனபோது லிஃப்ட் மெக்கானிக்குக்கு எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். மனைவி போனதற்கான ஆறுதல். அவனும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். உள்ளுக்குள் அவனை அரித்துக்கொண்டிருந்த விஷயமோ வேறு. அதை வாய்விட்டுச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் இவனுக்கு ஏதோ ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்பார்கள். மனைவி போனதை ஒருமாதிரி விழுங்கிவிட்டான். அவளுடைய தம்பி போனதைத்தான் விழுங்க முடியவில்லை.

இந்தக் காலத்தில் யாரைப் பார்த்தாலும் மச்சான்தான். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு ‘சாரி மச்சான்’ என்கிறார்கள். இவனுக்கு வாய்த்தது அசல் மச்சான், பெண் கொடுத்த வீட்டு மச்சான். கண் ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருந்தான். இவனைவிட ஆறேழு வயது இளையவன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். “உங்களுக்கு இது ஆடத் தெரியுமா மச்சான்?” என்றான். இவனுக்குத் தெரியும். தெரியும் என்ன, பள்ளிக்கூட நாளிலிருந்து பைத்தியம். அன்றைக்குப் பிடித்தது, எட்டு வருஷம் ஞாயிறு தவறாமல் நடந்தது.

அந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஆளுக்கொரு கட்டு, மேசையில் ஆட்களை இறக்கி மோதவிடுவது, அவ்வளவுதான். சுவாரசியம் நிறத்தில் இருக்கிறது. ஐந்து நிறம், ஐந்தும் ஐந்து குணம். நீலம் யோசிக்கும், எதிராளியின் கையை எட்டிப் பார்க்கும். பச்சை வளரும். மஞ்சள் கூட்டம் சேர்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காப்பாற்றும். கறுப்பு எதைக் கேட்டாலும் தரும், பதிலுக்கு எதையாவது பிடுங்கிக்கொள்ளும். சிவப்பு எரிக்கும், பாயும், பின்னால் திரும்பிப் பார்க்காது. சிவப்பு ஆளை மேசையில் இறக்கிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அவன் தாக்கியே ஆகவேண்டும். சும்மா நிற்க அவனுக்கு அனுமதி கிடையாது.

கடையில் விற்கிற சீட்டுகள் இரண்டு வருஷத்தில் அலுத்துப்போயின. அதன் பிறகு இருவரும் சொந்தமாகச் சீட்டு செய்ய ஆரம்பித்தார்கள். கெட்டி அட்டையை வெட்டி, பேனாவில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் செருகி ஆடிப் பார்ப்பது. அதிலும் அவர்களுக்கு ஒரே ஒரு வகைமேல்தான் ஆசை. ஒரு நிறத்துக்கு வராத வேலையை, அந்த நிறத்தின் குணம் கெடாமல் அதைச் செய்யவைப்பது. இதற்கு நீட்டல் என்று பெயர். மஞ்சள் திருடாது. ஆனால் மஞ்சள் விருந்துக்குக் கூப்பிடலாம், விருந்துக்கு வந்த எதிராளியின் ஆள் திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிடலாம். வேலை திருட்டுதான், ஆனால் மஞ்சள்தனமான திருட்டு. இப்படி ஒன்று அமைந்துவிட்டால் இரண்டு பேரும் மேசையைத் தட்டிக் கத்துவார்கள்.

“உன்னைப் பார்க்க வர்றானா, என்னைப் பார்க்க வர்றானா? எனக்குத் தம்பியா உனக்குத் தம்பியா?” என்று மனைவி சிரித்துக்கொண்டே கேட்பாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

பிரிவு சத்தம் இல்லாமல் நடந்தது. ஒருநாள் காலை அவள் சொன்னாள்: “உன்கூட இருக்கிறப்பவும் நான் தனியாத்தான் இருக்கேன். இதுக்குத் தனியாவே இருந்துடலாம்.” அவன் பதில் யோசித்தான். மெதுவாக யோசிக்கிற ஆள். பதில் கிடைப்பதற்குள் வக்கீல், கையெழுத்து எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுடைய சாமான்களை இறக்க மச்சான்தான் வந்தான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அலமாரியின் ஒரு முனையை இவனும் மறுமுனையை அவனுமாகப் பிடித்துப் படிப்படியாக இறக்கினார்கள். “இடது பக்கம்”, “பார்த்து”, “கொஞ்சம் தூக்குங்க” என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வண்டி கிளம்பும்போது மச்சான் “வர்றேன்” என்றான். போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான். வாய்ப்பழக்கத்தில் சொன்னானா, நிஜமாகவே வரப்போகிறானா என்று இவன் சில ஞாயிறுகள் குழம்பினான். அப்புறம் குழப்பம் தானாகத் தெளிந்துவிட்டது.

இவனாகக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவது? அக்காவை விட்டவனோடு சீட்டாடப் போனான் என்று அவனுக்குக் கெட்ட பெயர் வரும். அவனும் இதையே திருப்பிப் போட்டு நினைத்திருக்கக்கூடும். இரண்டு பேருமே நல்லவர்களாக இருந்தால் இதுதான் சங்கடம், யாராவது ஒருவர் கொஞ்சம் வெட்கங்கெட்டவராக இருந்திருந்தால் காரியம் எளிதில் முடிந்திருக்கும்.

லிஃப்ட் மெக்கானிக்கின் வேலையும் பேச்சுக்கு இடம் தராத வேலை. ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அவன் போய்ச் சேருகிற இடம் மொட்டைமாடியில் இருக்கிற மெஷின் ரூம். கிரீஸ் வாடை, மோட்டாரின் முனகல், கம்பிக்கயிறு கீழே இறங்குகிற ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாக ஆட்கள் பேசிக்கொண்டே லிஃப்டில் ஏறுவது கேட்கும். பாதிப் பேச்சில் இறங்கிப் போய்விடுவார்கள். அவன் அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான். வீட்டுக்குப் போனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் துவைத்த துணி குவிந்து கிடக்கும்.

இருந்தாலும் ஒரு நூலிழை அறுபடாமல் இருந்தது. சீட்டு செய்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாம் பட்டப்பெயர்தான். மொட்டைமாடியிலேயே கிடக்கிற இவன் பெயர் ‘கீழ்த்தளம்’. மச்சான் பெயர் ‘இரண்டாம் வரி’. எந்தச் சீட்டை எடுத்தாலும் “முதல் வரி போதும், இரண்டாம் வரி எதற்கு?” என்று கேட்பவன் ஆதலால் இவன்தான் கிண்டலாக அந்தப் பெயரைச் சூட்டினான். கறாரான ஆள் என்பதால் போட்டிகளுக்கு அவனைத்தான் நடுவராகப் போடுவார்கள். பிரிவுக்குப் பிறகு இருவரும் அந்தக் குழுவிலிருந்து விலகவில்லை. ஒருவர் சீட்டைப் பற்றி மற்றவர் எழுதினார். எழுத்தில் இருவரும் ‘நீங்கள்’. முன்பு இவன் அவனை ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவான். ‘தாங்கள் கவனிக்கவேண்டியது’ என்று ஒருதடவை எழுதும்போது, யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்து எழுதுவதுபோல் இருந்தது அவனுக்கு.

மழை ஆரம்பித்திருந்த மாதத்தில் குழுவில் புதிய போட்டி அறிவித்தார்கள். சிவப்பை நீட்டவேண்டும். நடுவர் இரண்டாம் வரி.

இவன் மெஷின் ரூமில் உட்கார்ந்தே யோசித்தான். சிவப்புக்கு எது அறவே வராது? நிற்பது. அப்படியென்றால் நிற்கிற சிவப்பு ஒன்றைச் செய்யவேண்டும். ‘வாசலில் நிற்பவன்’ என்று பெயர் வைத்து எழுதினான்: ‘இவன் தாக்கவேண்டிய கட்டாயம் இல்லை. தாக்காத ஒவ்வொரு சுற்றிலும் இவன் பலம் ஒன்று கூடும்.’

குழுவில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். மத்தியானம் பதில் வந்திருந்தது.

‘நின்ற இடத்தில் நின்று வளர்வது மரம் செய்கிற வேலை. நீங்கள் செய்திருப்பது பச்சை. சிவப்புச் சாயம் மட்டும் பூசியிருக்கிறீர்கள்.’

சரிதான். ஒரே அடியில் உடைத்துவிட்டான். கோபம் வருவதற்குப் பதில் இவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ சூடாக ஆனது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு மறுத்திருக்கிறார்.

மறுபடி எழுதினான். சிவப்பு நிற்கவேண்டுமானால் அதற்கு வலிக்கவேண்டும். ‘உன் கையிலிருந்து ஒரு சீட்டை எரித்தால், இந்தச் சுற்றில் இவன் தாக்காமல் நிற்கலாம். பலம் ஒன்று கூடும்.’

‘முன்னேற்றம்தான்,’ என்று எழுதியது இரண்டாம் வரி. ‘ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது கறுப்பின் வியாபாரம். எதைக் கொடுக்கலாம் என்று நிதானமாகப் பொறுக்கி எடுக்கிறவன் சிவப்பா?’

‘அவன் கொடுக்கவில்லை,’ என்று இவன் எழுதினான். ‘இருப்புக்கொள்ளாமல் கையில் கிடைத்ததைக் கொளுத்துகிறான்.’

பிறகு பதில் வந்தது: ‘அப்படியானால் பொறுக்கி எடுக்கவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கட்டும். எது எரிகிறது என்று எரிந்த பிறகுதான் தெரியவேண்டும்.’

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். மேசை இருந்திருந்தால் தட்டிக் கத்தியிருப்பான். மெஷின் ரூமில் யாரிடம் கத்துவது? மோட்டாரைப் பார்த்துத் தலையாட்டினான்.

குழுவில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ‘ஈரத்துண்டு’ என்ற பெயர்க்காரர், “நிக்கிறதுக்கே இவ்ளோ செலவு பண்றவன் நடந்தா சொத்தையே வித்துடுவான்” என்று எழுதி எல்லோரையும் சிரிக்கவைத்தார். சீட்டு கிட்டத்தட்ட அமைந்துவிட்டது. ஆனால் இவன் அதோடு விடவில்லை. இரண்டாவதாக ஒரு வரி சேர்த்தான்: ‘எதிராளி புதிய ஆளை இறக்கும்போது இவன் அவன்மேல் பாய்வான்.’ இவ்வளவு நேரம் வாசலில் நிற்பவனுக்கு ஒரு காரணம் வேண்டாமா?

நடுவர் கேட்டது ஒரே கேள்வி. ‘இவன் எதற்காக நிற்கிறான்?’

பதில் எழுத உட்கார்ந்து எழுதி எழுதி அழித்தான். நாள் போயிற்று. பதில் எழுதவே இல்லை.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் இவன் கம்பெனியின் பராமரிப்பில் இருந்தது. முன்பு இவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிரிவுக்குப் பிறகு, கூட வேலை செய்கிறவரிடம் கேட்டு அந்தக் கட்டடத்தை மாற்றிக்கொண்டான். அவர் இப்போது முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “கண் ஆஸ்பத்திரியில பெட்டி நடுவுல நின்னுடுச்சு, உள்ள ஒரு பேஷண்ட். உடனே போ.” ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது?

போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை. கூட்டம் இருந்தது. மச்சான் கொஞ்சம் இளைத்திருந்தான், புதிதாக மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். இவன் தலையைக் குனிந்துகொண்டு படியேறினான்.

பெட்டி இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளேயிருந்து ஓர் அம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. “கண்ணுல மருந்தை ஊத்தி ஒண்ணும் தெரியாம பண்ணீங்க. இப்ப பொட்டிக்குள்ள வேற போட்டுப் பூட்டிட்டீங்க. கட்டணம் மட்டும் முதல்லயே வாங்கிட்டீங்க!”

“அம்மா, நான் லிஃப்ட் மெக்கானிக். பயப்படாதீங்க.”

“பயப்படலப்பா. கோபமா இருக்கேன்.”

வேலை சிக்கலானது இல்லை. கரண்டை அணைத்துவிட்டு, மேலே மெஷின் ரூமில் பிரேக்கைக் கையால் தளர்த்தினால் பெட்டி மெல்ல நகரும். உள்ளே ஒரே ஒருவர் இருந்தால் பெட்டி மேலேதான் போகும், மறுபக்கம் தொங்குகிற எதிர்ச்சுமை பெட்டியைவிடக் கனம். ஆனால் மேலே இருப்பவனுக்குக் கீழே எவ்வளவு நகர்ந்தது என்று சரியாகத் தெரியாது. மூன்றாம் மாடிக் கதவருகே ஒருவர் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துச் சொல்லவேண்டும், உள்ளே இருப்பவருக்குப் பேச்சுத்துணையாகவும் இருக்கவேண்டும். வாட்ச்மேனைத் தேடினான். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். நர்சுகளுக்கு நேரம் இல்லை.

பின்னால் குரல் கேட்டது. “நான் நிக்கிறேன்.”

மச்சான். கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு ஏறி வந்திருந்தான். மூச்சு வாங்கியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மேலேருந்து ஃபோன்ல பேசணும்,” என்றான் மெக்கானிக். “நம்பர்...”

“அதே நம்பர்தான்.”

மெஷின் ரூமில் போய் நின்று ஃபோனை எடுத்தான். அந்த எண் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது, ‘மச்சான்’ என்ற பெயரோடு. அழுத்தினான்.

“ம், சொல்லுங்க.”

“கதவுமேல சாயாதீங்க. பெட்டி மேல வரும். தரை தெரிஞ்சா சொல்லுங்க.”

“சரி. அம்மா, பெட்டி இப்ப நகரும், ஓரமாப் பிடிச்சுக்குங்க. சொட்டு மருந்து நேத்து என்கிட்டதானே வாங்கினீங்க? ஞாபகம் இருக்கு. ஆமா, விலை ஜாஸ்திதான். என்ன பண்றது, நானா செய்யறேன்?”

பிரேக்கைத் தளர்த்தினான். சக்கரம் மெதுவாகச் சுற்றியது. நிறுத்தினான். மறுபடி கொஞ்சம்.

“வருது. வருது. இன்னும் ஒரு சாண். இன்னும் கொஞ்சம். போதும் போதும். நிறுத்துங்க!”

பிரேக்கைப் பூட்டிவிட்டுக் கீழே ஓடினான். முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தான். உருண்டையாக ஓர் அம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். “யாருப்பா மெக்கானிக்? எனக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி புகையாத் தெரியுறீங்க,” என்றார். மச்சான் அவரைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

மெக்கானிக் மறுபடி மேலே ஏறினான். கோளாறு என்ன என்று கண்டுபிடிக்காமல் விட முடியாது. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டவன் அதை நிறுத்த மறந்திருந்தான். மெஷின் ரூமில் ஃபியூஸைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து குரல் வந்தது.

“லைன்ல இருக்கீங்களா?”

எடுத்துக் காதில் வைத்தான். “இருக்கேன்.”

அந்தப் பக்கமும் அணைத்திருக்கவில்லை. இரண்டு மாடி இடைவெளி. முகம் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

“சாப்பாடெல்லாம்?” என்றான் மச்சான்.

“நடக்குது.”

“இளைச்சிருக்கீங்க.”

“நீயும்தான்.” வாயிலிருந்து வந்துவிட்டது. மச்சான் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

“ஒரு விஷயம் சொல்லணும். குழுவுல எழுத முடியாது. வேற யாராவது சொல்லி நீங்க கேட்கக்கூடாது.” குரல் தயங்கியது. “அக்காவுக்குக் கல்யாணம். அடுத்த மாசம். சும்மா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. கூட வேலை பார்க்கிறவர்.”

மெக்கானிக் ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓட்டை வழியாகக் கீழிருந்து காற்று வந்தது.

“நல்லவரா?”

“நல்லவர்தான். அக்கா நிறையப் பேசுது. வீட்டுல சத்தமா சிரிக்குது. அவருக்குச் சீட்டுன்னாலே ஆகாது.”

“அது நல்லது,” என்றான் இவன். சொன்னபிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

மறுபக்கம் மச்சான் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது சிரிப்பு இல்லை என்று புரிந்தது. “அவரை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியல. எல்லாரும் மச்சான்னு கூப்பிடுன்றாங்க. அக்காவும் ஒருதடவை சொல்லிடுச்சு. வாயில வரமாட்டேங்குது. சார்னு கூப்பிட்டுட்டுத் திரியறேன். அவருக்கும் சங்கடம். எனக்கு... ஏற்கெனவே ஒருத்தரைக் கூப்பிட்டுட்டேன் இல்ல.”

மெக்கானிக் மோட்டார்மேல் கையை ஊன்றிக்கொண்டான். அவனுக்குள் ஒரு பொல்லாத சந்தோஷம் எழுந்தது. ஒரு கணம் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. அவன் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டு திரியட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? பிறகு, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மனக்கண்ணில் தெரிந்தது. அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் சார்.

“மச்சான்னே கூப்பிடுடா,” என்றான். “அவர் என்ன பாவம் பண்ணாரு?”

கையிலிருந்த ஃபியூஸைத் திரும்பச் செருகினான்.

“முதல் தடவை கஷ்டமாத்தான் இருக்கும். கூப்பிட்டுடு. அக்கா சந்தோஷப்படும்.”

“சரி,” என்றான் மச்சான். “சரி மச்சான்.” கீழே அந்த அம்மாவின் குரல் கேட்டது: “தம்பி, படி எந்தப் பக்கம் இருக்கு? என்னை இறக்கி விட்டுட்டு அப்புறம் பேசு.” மச்சான் மூக்கை உறிஞ்சினான். “அந்த ரெண்டாவது வரி...” என்று ஆரம்பித்தான்.

“எடுத்துடறேன்.”

“எதுக்கு நிக்கிறான்னு எழுதவேண்டாம். ஆடறவங்களுக்கு அவங்கவங்க காரணம் இருக்கும். நிக்கிறான், அவ்வளவுதான்.”

“அதான் எடுத்துடறேன்னேனே, போய் அந்த அம்மாவை இறக்கு.”

கதவுப் பூட்டில் ஒரு இணைப்பு தேய்ந்துபோயிருந்தது. மாற்றிவிட்டு மெக்கானிக் இறங்கி வந்தபோது மருந்துக்கடையில் மறுபடி கூட்டம் சேர்ந்திருந்தது. மச்சான் யாருக்கோ எந்தச் சொட்டு எப்போது என்று அட்டைப்பெட்டியில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். தலையை அசைத்தான். இவனும் அசைத்துவிட்டு வெளியே வந்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையின் ஷட்டர் ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழை தூறிக்கொண்டிருந்ததால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

போட்டி முடிவு வந்தது. ‘வாசலில் நிற்பவன்’ நான்காம் இடம். நடுவர் எழுதியிருந்தார்: ‘நிறம் நன்றாக நீண்டிருக்கிறது, எங்கும் கிழியவில்லை. ஆனால் மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தேன். மூன்றிலும் கையில் இருந்ததையெல்லாம் எரித்துவிட்டுத் தோற்றது. அழகான சீட்டு, ஜெயிக்காத சீட்டு.’

மெக்கானிக் படித்துவிட்டுச் சிரித்தான். இவனுக்கென்று அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போடவில்லை, ராஸ்கல். மறுபடி படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஆடிப் பார்த்தானாம். யாரோடு?

குழுவில் கேட்காமல் ஃபோனுக்கே செய்தி அனுப்பினான். “யார்கூட ஆடினே?”

“ரெண்டு கையும் நான்தான்,” என்று வந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த ஒன்றரை வருஷமும் ஊரின் இரண்டு மூலையில் இரண்டு மேசைகளில் இரண்டு பேர் தங்களுக்கு எதிராகத் தாங்களே ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவனும் அப்படித்தான் ஆடினான். எந்தக் கை ஜெயித்தாலும் சீட்டை அடுக்கி வைக்கிறபோது கிடைக்கிற அந்த வெறுமை இவனுக்குத் தெரியும்.

“இடது கைக்கு ஆள் வேணுமா?” என்று அனுப்பினான்.

வீட்டுக்கு வரச் சொல்ல இருவருக்கும் மனம் ஒப்பவில்லை. குழுவில் சிலர் மாதம் ஒருமுறை நூலகத்தின் மாடி அறையில் கூடி ஆடுவதுண்டு. அங்கே போவது என்று முடிவாயிற்று. போனார்கள். பட்டப்பெயர் எழுதிய தாளைச் சட்டையில் குத்திக்கொண்டு, ‘கீழ்த்தளம்’ ஒரு பக்கமும் ‘இரண்டாம் வரி’ மறுபக்கமுமாக உட்கார்ந்து சாயங்காலம்வரை ஆடினார்கள். அக்காவைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. ஒரு நீலச் சீட்டைப் பற்றி மட்டும் பயங்கரச் சண்டை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆகவில்லை. அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானுக்கு அக்கா வீட்டில் சாப்பாடு. புது மனிதர் அவனை அன்பாகக் கூப்பிடுகிறார், போகாமல் இருக்க முடியுமா? அவர் செடி வளர்க்கிறவராம். மச்சான் மருந்துக்கடைப் பெட்டிகளில் மண் நிரப்பிக் கொண்டுபோகிறானாம். அதைச் சொல்லும்போது மச்சானின் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது, கொஞ்சம் பிடிப்பும் இருந்தது. நூலக மாடிக்கு ஒரு மாதம் வருவான், இரண்டு மாதம் வரமாட்டான். குழுவில் எழுதுவது மட்டும் தொடர்ந்தது.

மெக்கானிக் ஒவ்வொரு மாதமும் போனான். ஒருமுறை நூலகப் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. “இன்னிக்கு வரமுடியல. அக்கா வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்க.” படியில் நின்றான். திரும்பிப் போனால் வீட்டில் மடிக்கவேண்டிய துணி இருக்கிறது. மேலே அறையில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவரில் விரலால் தட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றவன், பிறகு ஏறிப் போனான்.

ஜன்னலோர மேசையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் தனியாகக் கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர் சீருடை, சட்டையில் ‘ஈரத்துண்டு’ என்று எழுதிய தாள். அவர் ஆண் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான்.

“நீங்கதான் கீழ்த்தளமா? உட்காருங்க. என் எதிராளி வரல.”

“எனக்கும் வரல.”

அவர் சீட்டைப் பங்கு போட்டார். வண்டி ஓட்டுகிற கை, வேகமாக வேலை செய்தது. “என்ன வேலை பண்றீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

“ஐயோ. நான் லிஃப்ட்லயே ஏறமாட்டேன். கயிறு அறுந்துடுமோன்னு பயம். எத்தனை மாடியானாலும் படிதான்.”

“ஒரு கயிறு அறுந்தா என்ன, நாலஞ்சு இருக்கு. ஒண்ணு போதும் பெட்டியைத் தாங்க. அத்தனையும் போனாலும் வேகம் கூடினவுடனே கீழே ரெண்டு தாடை மாதிரி இருக்கும், அது தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும்.” அவன் கையை விரித்துக் கவ்விக் காட்டினான். “அதைச் சோதிக்கிறதுக்குன்னே நாங்க வருஷா வருஷம் என்ன பண்ணுவோம்னா...”

சொல்லிக்கொண்டே போனான். வேகத்தைக் கண்காணிக்கிற கவர்னர், எதிர்ச்சுமை, குழிக்குள் இருக்கிற ஸ்பிரிங், ஒருதடவை பூனைக்குட்டி ஒன்று பெட்டிக்கு மேலேயே குடியிருந்து நாள் முழுக்க எல்லா மாடிக்கும் போய்வந்த கதை. அந்த மாதம் முழுவதும் அவன் பேசியதைக் கூட்டினால்கூட இவ்வளவு வந்திருக்காது. பெண்மணி முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பூனைக்கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

“சரி சரி,” என்றார் கடைசியில், “சீட்டை எடுங்க.”